செப்புத் தகட்டிற் பதிந்த புகழ்
ஆங்கிலக் கடற்படைத் தலைவர்களின் நினைவுப் படங்கள்

மன்னா உலகத்தில் மன்னுதல் வேண்டினோர் தம் புகழை நிறுவிச் சென்றனர் என்று சான்றோர் கூறுவர். புகழ் நிலைபெறுவது உண்மையே. ஆனால் புகழுக்குரியோரின் முகம் அங்ஙனம் நிலைபெறுவதில்லை. பெயர் நாவிலும் ஏட்டிலும் வாழும். முகமோ, கண்டவர் மறையுங்கால் அவரோடு மறைந்துபோம். இக்குறையை நீக்குதற்கு ஒவ்வொரு நாட்டாரும் தத்தமக்கு இயன்ற வழியைக் கண்டனர். நம் முன்னோர் போரிற்பட்ட வீரனுக்கு நடுகல் நாட்டினர். உரோமர் நாணயத்தில் முகம் பொறித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயரோ, தம் கடற்படைத் தலைவர்களின் உருவைச் செப்புத் தகட்டிற் செதுக்கி, மைதடவி, காகிதத்தில் அச்சிட்டு நாடெங்கும் பரப்பினர். கல் நாட்டிய இடத்திலேயே நிற்பது. காகிதம் கையினின்று கைக்குச் செல்வது. ஆதலின் இப்படங்கள் அரண்மனைக்கும் சென்றன. துறைமுகத்து உணவு விடுதியின் சுவருக்கும் சென்றன.

இவை எவ்வாறு செய்யப்பெற்றன, எவர் செய்தனர், எக்காரணம் பற்றி மக்கள் இவற்றை வாங்கினர் என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இவற்றோடு ஒட்டிய வினா ஒன்றும் உண்டு. இப்படங்கள் வீரரை உள்ளவாறு காட்டினவா, அன்றி வாங்குவோர் விரும்பியவாறு காட்டினவா? சரித்திரம் பயில்வோர் எவரும் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

ஓவியமும் படியும்

1665-ம் ஆண்டு ஜூன் மாதம் ஆங்கிலக் கடற்படை லோஸ்டாப்ட் என்னுமிடத்திற்கு அருகே டச்சுக்காரரை வென்றது. அவ்வெற்றியின் நினைவாக, படைத் தலைமை தாங்கிய யார்க் கோமகன் ஜேம்ஸ், தம்முடன் போர்புரிந்த தலைவர்களின் உருவங்களை ஸர் பீட்டர் லீலி என்னும் ஓவியரைக் கொண்டு தீட்டுவித்தார். பதின்மூன்று ஓவியங்கள் எழுந்தன. அவை தீட்டப்பெறும் காலத்தில் கடற்படை அலுவலராகிய ஸாமுவேல் பீப்ஸ் ஓவியரின் கூடத்திற்குச் சென்று கண்டதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். ஆனால் பீப்ஸைப் போன்றோர் சிலரே. எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றே ஒன்று. அஃது எவர் மாளிகையில் தொங்குகின்றதோ அவர் விருந்தினரே அதனைக் காண்பர். நாட்டு மக்கள் தம் வீரரைக் காணவேண்டுமாயின் ஒன்று பலவாதல் வேண்டும். அதனைச் செய்ததே செதுக்குக் கலை.

அதன் பழைய முறை கீற்றுச் செதுக்கு. நன்கு தேய்த்து மெருகிட்ட செப்புத் தகட்டின்மேல், பியூரின் என்னும் கூரிய எஃகுக் கருவியால் நுண்ணிய கீற்றுக்களை வெட்டுவர். பின்னர்த் தகடு முழுவதும் மையைத் தடவித் துடைப்பர். மேற்பரப்பிலுள்ள மை நீங்கும்; கீற்றுக்களின் உள்ளே புகுந்த மை தங்கும். ஈரமான காகிதத்தைத் தகட்டின்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால், கீற்றுக்களிலுள்ள மை காகிதத்தில் ஏறும். ஆழமும் நெருக்கமும் மிகுந்த கீற்றுக்கள் நிழலாகும், மெல்லியன ஒளியாகும். கோடுகளை அன்றி வேறு துணையின்றிக் கன்னத்தின் மென்மையையும் பட்டாடையின் பளபளப்பையும் காட்டவேண்டுதலின், பெரிய படமொன்றை முடிக்க ஆண்டுகள் பல ஆதலும் உண்டு.

இரண்டாவது முறையாகிய மெஸொடிண்ட் இதற்கு நேர்மாறானது. 1642-ம் ஆண்டளவில் லுட்விக் வான் ஸீகன் என்பவர் இதனைக் கண்டறிந்தார். பற்கள் நிறைந்த வளைந்த உளியைத் தொட்டிலாட்டுவதுபோல் முன்னும் பின்னும் அசைத்துத் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்குவர். அந்நிலையில் அச்சிட்டால் காகிதம் முழுதும் கரிய வெல்வெட்டுப்போல் தோன்றும். பின்பு ஒளி வேண்டிய இடங்களைச் சுரண்டியும் தேய்த்தும் வழவழப்பாக்குவர். எவ்வளவு வழவழப்போ அவ்வளவு வெண்மை. கீற்றுச் செதுக்குவோன் வெண்மையினின்று கருமைக்குச் செல்கின்றான். மெஸொடிண்ட் செய்வோன் இருளினின்று முகத்தை வெளிக்கொணர்கின்றான். எண்ணெய் வண்ண ஓவியத்தின் மென்மையான நிழல்களை இம்முறை எளிதிற் காட்டும், விரைவிலும் முடியும். ஆனால் தகட்டின் சொரசொரப்பு அச்சிடுந்தோறும் நசுங்கித் தேயுமாதலால், முதலில் எடுத்த படிகளின் செழுமை பின்னையவற்றில் இராது.

இம்முறையை இங்கிலாந்திற்குக் கொணர்ந்தவர் யார் என்று கேட்பின் விடை வியப்பைத் தரும். இரண்டாம் சார்லஸ் மன்னரின் உறவினராகிய ரூபர்ட் இளவரசரே அவர். தாமே தகடு செய்து பழகிய இவர், 1666-ம் ஆண்டிலும் 1673-ம் ஆண்டிலும் டச்சுக்காரரை எதிர்த்த ஆங்கிலக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கினார். கடற்படைத் தலைவர்களின் முகங்களைப் பரப்பிய கலையை அந்நாட்டிற்கு அளித்தவர் தாமும் ஒரு கடற்படைத் தலைவராயிருந்தார்.

மூன்றாவது புள்ளிச் செதுக்கு. கீற்றுக்களுக்குப் பதிலாக எண்ணிறந்த சிறு புள்ளிகளைத் தகட்டிற் குத்தி, அவற்றின் நெருக்கத்தால் நிழலையும் நெகிழ்வால் ஒளியையும் காட்டுவது இது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியிலிருந்து இலண்டனுக்கு வந்த பிரான்செஸ்கோ பார்த்தலோஸி என்பவரால் இது பெரிதும் பரவியது. சிறிய அளவுள்ள முகப்படங்களுக்கு இது மிகவும் ஏற்றது.

இம்மூன்று முறைக்கும் பொதுவான இடர் ஒன்றுண்டு. தகட்டிலுள்ளது காகிதத்தில் இடம்வலமாக மாறிப் பதியும். ஆதலின் செதுக்குவோன் மூல ஓவியத்தைக் கண்ணாடியிற் கண்டு மாற்றிச் செதுக்கவேண்டும். மற்றையோர் முகத்தில் இம்மாற்றம் நேர்ந்தால் எவரும் அறியார். வலக்கையை இழந்த நெல்ஸனின் படத்தில் நேர்ந்தாலோ, கடைத்தெருவிற் செல்லும் சிறுவனும் நகைப்பான்.

அடியிலுள்ள சிறு எழுத்து

பழைய செதுக்குப் படத்தைக் கையிலெடுப்போர் பெரும்பாலும் முகத்தையே நோக்குவர். அறிந்தோர் முதலில் அடியிலுள்ள சிறு எழுத்தை நோக்குவர். இடப்பக்கத்தில் ஒரு பெயரும் அதனையடுத்துப் 'பின்க்ஸிட்' என்னும் இலத்தீன் சொல்லும் இருப்பின், அவர் மூல ஓவியத்தைத் தீட்டியவர். வலப்பக்கத்துப் பெயரின் அருகே 'ஸ்கல்ப்ஸிட்' என்றிருப்பின், அவர் செதுக்கியவர். நடுவில் வெளியிட்ட வியாபாரியின் பெயரும் கடைவீதியும் நாளும் இருக்கும். நாள் குறிக்கும் இவ்வழக்கம் சட்டத்தினால் வந்தது. ஒருவர் வருந்திச் செய்த படத்தை மற்றொருவர் மறுநாளே திருடிச் செதுக்கி மலிவாக விற்கும் கொடுமையைக் கண்டு, வில்லியம் ஹோகார்த் முதலிய கலைஞர்கள் பாராளுமன்றத்தில் முறையிட்டனர். 1735-ம் ஆண்டில் பிறந்த சட்டம், படத்தை ஆக்கியவருக்குப் பதினான்கு ஆண்டு உரிமையளித்தது. அவ்வுரிமையைப் பெற, உரியவர் பெயரும் வெளியிட்ட நாளும் தகட்டிற் பொறிக்கப்பெறல் வேண்டும். 1767-ம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை இருபத்தெட்டு ஆண்டாக நீட்டியது.

வியாபாரியைக் காத்தற்கு எழுந்த இவ்விதி, பிற்காலத்துச் சரித்திர மாணவனுக்குப் பெருந்துணையாயிற்று. போர் நிகழ்ந்த நாளையும் படம் வெளிவந்த நாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மக்களின் ஆர்வம் எப்பொழுது எழுந்தது, எவ்வளவு விரைவில் வியாபாரிகள் அதனைப் பற்றிக்கொண்டனர் என்பது தெளிவாகும்.

புகழின் சந்தை

1739-ம் ஆண்டு நவம்பர் மாதம் எட்வர்டு வெர்னன் என்னும் தலைவர், ஆறே கப்பல்களைக் கொண்டு, பனாமாக் கரையில் ஸ்பெயின் நாட்டாருக்குரிய போர்ட்டோபெல்லோத் துறைமுகத்தைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம் செய்தி இலண்டனை யடைந்ததும் நாடே களிகொண்டது. அவர் முகம் செதுக்குப் படங்களிலும், கிண்ணங்களிலும், உணவு விடுதிகளின் பெயர்ப் பலகைகளிலும் காணப்பட்டது. அவர் நினைவாக எழுந்த பதக்கங்கள் மட்டும் நூறு வகைக்கு மேற்பட்டவை. இவற்றுட் பல ஒன்றையொன்று ஒத்திரா. வெர்னனைக் காணாதவர் அடித்ததைக் காணாதவர் வாங்கினர். ஒப்புமை பற்றி எவரும் வழக்காடவில்லை.

இதனினும் நகைப்பிற்குரியது ஒன்று அடுத்து நிகழ்ந்தது. 1741-ம் ஆண்டில் வெர்னன் கார்ட்டஜீனா என்னும் பெருங்கோட்டையை முற்றுகையிட்டார். வெற்றி உறுதியென்று எண்ணிய பதக்க வியாபாரிகள் முன்னதாகவே பதக்கம் அடித்துவிட்டனர். எதிரியின் தலைவராகிய பிளாஸ் டி லேஸோ வெர்னன்முன் முழந்தாளிட்டு நிற்பதாக அதில் உருவம் பொறித்தனர். உண்மையில் முற்றுகை தோற்றது. நோயினால் ஆயிரக்கணக்கான படைவீரர் மாண்டனர். நிகழாத வெற்றியின் நினைவுச் சின்னங்கள் பொருட்காட்சிச் சாலைகளில் இன்றும் உள்ளன.

அந்தச் சந்தை புகழை விற்றதுபோலவே இகழையும் விற்றது. 1756-ம் ஆண்டு மினார்க்காத் தீவைக் காக்கத் தவறிய அட்மிரல் பிங் என்பவரை இழித்துரைக்கும் படங்கள் பல வெளிவந்து மக்களின் சினத்தைத் தூண்டின. அடுத்த ஆண்டு மார்ச்சு 14-ம் நாள் அவர் போர்ட்ஸ்மத்தில் 'மானர்க்' என்னும் கப்பலின் மேற்றளத்தில் சுடப்பட்டு இறந்தார். அரசாங்கத்தின் குற்றத்தையும் அவரே சுமந்தார் என்பது பின்வந்தோர் பலரின் கருத்து.

அகஸ்டஸ் கெப்பெல் என்பாரின் வரலாறு வேறு வகையினது. ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் இளமையில், 1749-ம் ஆண்டு, கெப்பெலின் கப்பலில் மத்தியதரைக் கடலுக்குச் சென்றார். அப்பயணமே அவரை இத்தாலிக்குக் கொண்டு சேர்த்தது. நன்றி மறவாத ரெனால்ட்ஸ், அலைமோதும் கரையில் கெப்பெல் முன்னடி வைத்து நடப்பதாக ஓர் ஓவியம் தீட்டினார். அதுவே ஓவியருக்கும் பெரும்பெயர் தந்தது. எட்வர்டு பிஷர் அதனை மெஸொடிண்டாகச் செய்தார். 1779-ம் ஆண்டில் கெப்பெல் போர்க்கடமையில் தவறினாரென்று குற்றஞ்சாட்டப்பட்டு விசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டபொழுது, இலண்டன் மக்கள் வீடுதோறும் விளக்கேற்றினர். ரெனால்ட்ஸ் தீட்டிய புதிய உருவத்தை வில்லியம் டௌட்டி அவ்வாண்டிலேயே செதுக்கி வெளியிட்டார். கெப்பெல் தமக்காக வாதிட்ட வழக்கறிஞர்களுக்குத் தம் உருவ ஓவியங்களையே பரிசாக அளித்தார். ஒருவர் பக்கம் நிற்கின்றோம் என்பதற்கு அவர் படத்தைச் சுவரில் தொங்கவிடுதல் அறிகுறியாயிற்று.

பலர் ஒருங்கே நின்ற படங்கள்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் எழுந்த நெடும்போரில் வெற்றிகள் பெருகப் படங்களும் பெருகின. சிற்றுருவ ஓவியரும் வெளியீட்டாளருமாகிய ராபர்ட் போயர் என்பவர், நான்கு பெருவெற்றிகளுக்கு நான்கு பெரிய நினைவுப் படங்களை வெளியிட்டார். 1794-ம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஹௌ பிரபு பெற்ற வெற்றி, 1797-ம் ஆண்டு பிப்ரவரி 14-ம் நாள் ஜெர்விஸ் பெற்றது, அவ்வாண்டு அக்டோபர் 11-ம் நாள் டங்கன் பெற்றது, 1798-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நைல் முகத்தில் நெல்ஸன் பெற்றது என்பனவே அந்நான்கு. ராபர்ட் ஸ்மர்க் என்பவர் அமைப்பை வரைந்தார். ஜான் லாண்ட்ஸீர் முதலிய கைதேர்ந்தோர் செதுக்கினர். தலைவர் ஒருவரை மட்டும் காட்டாது, அவர்கீழ்ப் போர்புரிந்த கப்பல் தலைவர்களின் முகங்களையும் சிறுசிறு வட்டங்களுள் அமைத்துக் காட்டியது இப்படங்களின் சிறப்பு. நைல் வெற்றியாளர் படம் வெளிவந்த ஆண்டு 1803. அமைதி முறிந்து மீண்டும் போர் தொடங்கி, நெப்போலியன் படையெடுத்து வருவானென்று இங்கிலாந்து அஞ்சிய ஆண்டும் அதுவே. பழைய வெற்றியை நினைவூட்டிப் புதிய அச்சத்தை ஆற்றிய மருந்து அப்படம்.

பெரிய படத்தை வாங்க இயலாதோருக்குத் திங்களிதழ் ஒன்று துணைசெய்தது. 'நேவல் கிரானிக்கிள்' என்னும் பெயருடன் 1799-ம் ஆண்டு முதல் 1818-ம் ஆண்டு வரை வெளிவந்து, நாற்பது தொகுதிகளாய் நிறைந்த அவ்விதழில், கடற்படைத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளும் அவற்றோடு அவர்களின் முகப்படங்களும் வெளியாயின. அவற்றுட் பல புள்ளிச் செதுக்கால் ஆயவை. இன்று பெயரளவிலும் நினைக்கப்படாத பலருடைய முகங்கள் அவ்விதழ் ஒன்றினாலேயே பிழைத்துள்ளன.

இவற்றைத் திரட்டுவதும் ஒரு கலையாயிற்று. 1769-ம் ஆண்டில் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்னும் குருவானவர், இங்கிலாந்தின் வரலாற்றைச் செதுக்குப் படங்களுள்ள மனிதரின் வரிசையாக எழுதி வெளியிட்டார். அதனைப் படித்தோர் அவர் குறித்த படங்களைத் தேடி நூலின் இடையிடையே சேர்க்கலாயினர். அதன் பயனாக எத்தனையோ நல்ல நூல்கள் படத்தை இழந்து மொட்டையாயின. ஒரு புத்தகத்தை நிரப்ப மற்றொன்றைக் கிழித்தலும் ஒருவகைக் கடற்கொள்ளையே யன்றோ!

நெல்ஸனின் முகம்

எல்லாரினும் மிகுதியாகச் செதுக்கப்பெற்ற முகம் ஹொரேஷியோ நெல்ஸனுடையது. பதினைந்து வயதளவில் 'ஸீஹார்ஸ்' என்னும் கப்பலில் கீழ்த்திசைக் கடலுக்கு வந்து, 1774-ம் ஆண்டில் சென்னைத் துறையையும் கண்ட அவ்விளைஞனை அக்காலத்தில் எவரும் படம் தீட்ட நினைக்கவில்லை. 1777-ம் ஆண்டில் ஜான் பிரான்ஸிஸ் ரிகோ என்பவர் அவருருவைத் தீட்டத் தொடங்கினார். ஓவியம் முடியுமுன் நெல்ஸன் கடல்கடந்து சென்றார். 1781-ம் ஆண்டில் அவர் மீண்டபொழுது பதவி உயர்ந்திருந்தது. ஆதலின் பழைய உருவத்தின்மேல் புதிய பதவியின் உடையைத் தீட்டி, அவர் போர்புரிந்த ஸான் ஹுவான் கோட்டையையும் பின்புறத்தில் ஓவியர் சேர்த்தார். பதவிக்கேற்ப ஓவியம் மாறும் வழக்கம் அவர் வாழ்வில் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது.

1797-ம் ஆண்டு டெனரீப் தீவில் வலக்கையை இழந்து, காயம் ஆறாத நிலையில் கிரீனிச்சில் தங்கியிருந்த நெல்ஸனை லெமுவேல் பிரான்ஸிஸ் அபட் என்பவர் நேரிற் கண்டு ஒரு சிறு வரைவு எழுதினார். வலியின் சுவடு தோன்றும் அம்முகத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது ஓவியங்கள் அவர் கையினின்று எழுந்தன என்பர். அவற்றினின்று செதுக்குப் படங்கள் பல கிளைத்தன. நைல் வெற்றிக்குப் பின் துருக்கி நாட்டுச் சுல்தான், வைரமிழைத்த 'செலெங்க்' என்னும் தலையணியை நெல்ஸனுக்கு அனுப்பினார். அதனை அணிந்த நெல்ஸனைக் காண மக்கள் விரும்பினர். அபட்டோ அவ்வணியைக் கண்டவரல்லர். கேட்டதைக் கொண்டு நெல்ஸனின் தொப்பியில் அதனைத் தீட்டினார். மூல அணி பிற்காலத்தில் கிரீனிச்சுப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்து, 1951-ம் ஆண்டில் அங்கிருந்து களவுபோயிற்று. காணாமல் தீட்டிய படம் இருக்கின்றது. காணவேண்டிய பொருள் இல்லை.

நெல்ஸன் ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டியிருந்தார் என்று பலர் எண்ணுகின்றனர். 1794-ம் ஆண்டு கால்வி முற்றுகையில் அவர் வலக்கண் பார்வையை இழந்தது உண்மை. ஆனால் கண் தோற்றத்தில் பெரிதும் மாறவில்லை. அவர் காலத்துப் படங்களில் இரு கண்களும் திறந்தே காணப்படுகின்றன. இவ்விடத்தில், காலத்தாற் பிற்பட்ட கற்பனையைத் திருத்தும் சாட்சியாகப் பழைய படங்கள் நிற்கின்றன. ஆதலின் செதுக்குப் படம் முழுதும் பொய்யென்று தள்ளுதலும் தகாது.

இறப்பு: இரு ஓவியர், இரு உண்மை

பெஞ்சமின் வெஸ்ட் என்னும் ஓவியர், 1759-ம் ஆண்டு க்வெபெக் போரில் இறந்த தளபதி உல்பின் இறுதிக் காட்சியைத் தீட்டியிருந்தார். வில்லியம் உல்லெட் அதனைச் செதுக்கி 1776-ம் ஆண்டில் வெளிவந்த படம் ஐரோப்பா முழுவதும் விற்பனையாயிற்று. ஒரு விருந்தில் நெல்ஸன் வெஸ்ட்டின் அருகில் அமர்ந்து, படக்கடையின் பலகணியில் அப்படத்தைக் காணுந்தோறும் தம்மால் நில்லாது செல்ல இயலவில்லை என்றும், அதுபோல் வேறு ஏன் தீட்டவில்லை என்றும் கேட்டதாகச் சொல்லப்படுகின்றது. அத்தகைய காட்சி வேறு கிடைக்கவில்லை, உமது அஞ்சாமை அதனைத் தந்துவிடுமோ என்று அஞ்சுகின்றேன் என்றார் வெஸ்ட். அப்படியாயின் அடுத்த போரிலேயே இறக்க விரும்புகின்றேன் என்றாராம் நெல்ஸன். இக்கதை எவ்வளவு உண்மையோ, 1805-ம் ஆண்டு அக்டோபர் 21-ம் நாள் டிரபால்கர் போரில் நெல்ஸன் இறந்தார். வெஸ்ட்டும் அதனைத் தீட்டினார். 1806-ம் ஆண்டில் தம் இல்லத்திலேயே அவர் அதனைக் காட்சிக்கு வைக்க, முப்பதினாயிரம் பேர் வந்து கண்டனர். ஜேம்ஸ் ஹீத் அதனைச் செதுக்கி முடித்தது 1811-ம் ஆண்டில்.

வெஸ்ட்டின் படத்தில் நெல்ஸன் கப்பலின் மேற்றளத்தில், ஞாயிற்றின் ஒளியில், வீரர் பலர் சூழ்ந்து வணங்கி நிற்க இறக்கின்றார். உண்மை அதுவன்று. மேற்றளத்தில் குண்டுபட்ட அவரைக் கீழே சுமந்து சென்றனர். நீர்மட்டத்திற்குக் கீழே, விளக்கொளியன்றி வேறொளி புகாத தாழ்ந்த அறையில், காயம்பட்ட மற்றையோரின் அலறலுக்கிடையே, மூன்று மணி நேரத்திற்குமேல் துன்புற்று அவர் உயிர்நீத்தார். இதனை வெஸ்ட் அறியாதவரல்லர். பெருவீரன் ஒருவன் இருட்டறையில் எளியோன்போல் இறப்பதாகக் காட்டினால் காண்போர் உள்ளம் உயராது என்பதே அவர் கொள்கை.

ஆர்தர் வில்லியம் டெவிஸ் என்பவர் வேறு வழியிற் சென்றார். இந்தியாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்து, திப்பு சுல்தானின் மைந்தர் இருவரைக் கார்ன்வாலிஸ் பிணையாக ஏற்ற காட்சியையும் தீட்டியவர் இவர். நெல்ஸன் இறந்தபொழுது கடனுக்காகச் சிறையில் இருந்தார். நெல்ஸனின் இறப்பைத் தீட்டும் சிறந்த ஓவியத்திற்குப் பாய்டெல் நிறுவனத்தார் ஐந்நூறு கினி பரிசு அறிவித்தனர். டெவிஸ் விடுதலை பெற்றுச் சென்று, நெல்ஸனின் உடலைத் தாங்கி மீண்ட 'விக்டரி' கப்பலில் ஏறினார். இறந்த அறையை அளந்து கண்டார். உடனிருந்தோரின் முகங்களைத் தனித்தனியே வரைந்துகொண்டார். மருத்துவர் பீட்டி உடலைச் சோதித்தபோதும் அருகிலிருந்தார். 1807-ம் ஆண்டில் முடிந்த அவர் ஓவியத்தில் பதக்கங்களில்லை, பட்டாடையில்லை. வெள்ளைத் துணி போர்த்திய மெலிந்த உடலும், விளக்கின் மங்கிய ஒளியும், குனிந்த சிலர் முகங்களுமே உள. வில்லியம் பிராம்லி அதனைச் செதுக்க, 1812-ம் ஆண்டில் படம் வெளிவந்தது.

டெவிஸும் ஓரிடத்தில் உண்மையினின்று விலகினார். அவ்வறையின் மேற்றட்டு மிகத் தாழ்ந்தது; நிமிர்ந்து நிற்றல் அரிது. ஓவியத்தில் அதனை உயர்த்தி, கப்பல் தலைவர் ஹார்டியை நிமிர்ந்து நிற்கச் செய்தார். எனினும் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போர், எது உள்ளத்தைத் தொடுகின்றதென்று ஐயுறார். வெஸ்ட்டின் படத்தில் இறப்பது புகழ். டெவிஸின் படத்தில் இறப்பது மனிதன். வெஸ்ட்டே பின்னர் மனம் நெகிழ்ந்தார் போலும்! கிளார்க், மக்கார்தர் என்னும் இருவர் 1809-ம் ஆண்டில் வெளியிட்ட நெல்ஸன் சரித்திரத்திற்காக, அவ்விருட்டறைக் காட்சியை அவரும் தீட்டித் தந்தார்.

படத்தில் இல்லாதவை

நினைவுப் படம் எதனைக் காட்டுகின்றது என்பதோடு, எதனை மறைக்கின்றது என்பதும் ஆராயத்தக்கது. 1799-ம் ஆண்டு ஜூன் 29-ம் நாள், நேப்பிள்ஸ் குடாவில், அந்நாட்டுக் கடற்படைத் தலைவராகிய கரச்சியோலோ என்பவர், நெல்ஸனின் கப்பலில் அவசரமாக விசாரிக்கப்பட்டு அன்றே தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பை ஆராயவோ காலம் தாழ்க்கவோ நெல்ஸன் இசையவில்லை. அவர் நாட்டிலேயே பலர் இதனைக் கண்டித்தனர். நெல்ஸனைப் போற்றி விற்ற முகப்படங்களில் இந்நாளுக்கு இடமில்லை.

மற்றொன்று எண்ணற்ற மாலுமிகளின் முகம். அவருட் பலர் தெருக்களிலும் வணிகக் கப்பல்களிலும் வலிந்து பிடித்துச் சேர்க்கப்பட்டவர். போயர் வெளியிட்ட படத்தின் வட்டங்கள் கப்பல் தலைவரோடு நின்றுவிடுகின்றன. பதக்கம் மட்டும் சிறிது கீழிறங்கியது. நைல் வெற்றிக்கு அலெக்ஸாண்டர் டேவிஸன் என்பவர் தம் செலவில், தலைவர்க்குப் பொன்னிலும், துணைத் தலைவர்க்கு வெள்ளியிலும், மாலுமிகளுக்கு வெண்கலத்திலும் பதக்கம் அடித்துத் தந்தார். டிரபால்கருக்குப் பின் மாத்யூ போல்ட்டனும் தம் செலவிலேயே மாலுமிகளுக்குப் பதக்கம் வழங்கினார். மாலுமியின் கையில் தலைவனின் முகம் வந்தது. மாலுமியின் முகம் எவர் கைக்கும் வரவில்லை.

நைல் போரில் 'மெஜஸ்டிக்' கப்பலின் தலைவர் ஜார்ஜ் வெஸ்ட்காட் கொல்லப்பட்டார். அவர் ஹானிடன் என்னும் ஊரிலுள்ள எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1801-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவ்வூர் வழியே சென்ற நெல்ஸன், வெஸ்ட்காட்டின் தாயாரைத் தேடிக் கண்டார். மகனுக்குரிய பதக்கம் அவ்வம்மையாருக்கு வரவில்லை யென்று அறிந்ததும், தாம் அணிந்திருந்த பதக்கத்தையே எடுத்து அளித்துச் சென்றார். இந்நிகழ்ச்சியைப் பொறித்த பெரிய செதுக்குப் படம் ஏதும் புகழ்பெறவில்லை. ஆயினும், நேப்பிள்ஸில் இரங்காத அதே மனிதர் ஹானிடனில் இரங்கினார். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்தவனே நெல்ஸனை அறிந்தவன்.

முடிவுரை

எஃகுத் தகடும், பின்னர்ப் புகைப்படமும் வந்து செப்புத் தகட்டின் காலத்தை முடித்தன. மக்பர்ஸன் என்பவர் திரட்டிய பதினாயிரத்திற்கு மேற்பட்ட கடல்சார் படங்களை 1928-ம் ஆண்டில் ஸர் ஜேம்ஸ் கேர்டு விலைகொடுத்து வாங்கி நாட்டிற்குரியதாக்கினார். அத்தொகுதி, 1937-ம் ஆண்டில் கிரீனிச்சில் திறக்கப்பெற்ற தேசியக் கடல்சார் பொருட்காட்சிச் சாலைக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

கல்லூரி மண்டபங்களிலும் நூல் நிலையங்களிலும் பெரியோர் படங்கள் தொங்குதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கம். நாளும் அவற்றின் கீழே நடந்துசெல்கின்றோம். இனி அவற்றுள் ஒன்றன்முன் நிற்க நேருங்கால் மூன்று வினாக்களை எழுப்புவோமாக. இம்முகத்தை நேரிற் கண்டவர் யார்? இதனைச் செய்வித்தவர் யார்? இதன் விளிம்பிற்கு வெளியே நின்றவர் யார்? இவ்வாறு வினவுதல் பெரியோரை இகழ்தலாகாது. விளக்கின் ஒளியில், வெள்ளைத் துணியின் கீழே கிடந்த நெல்ஸன், மேற்றளத்தில் ஒளிசூழக் கிடந்த நெல்ஸனினும் சிறியவராய்விடவில்லை. உண்மையான பெருமை உண்மையைத் தாங்கும். தாங்காதது செப்பிற் பொறித்தாலும் சில படிகளுக்குள் தேய்ந்துபோம்.